கெடுவும் கடைமடையும்

கேள்வி: மாற்றுத்திறனாளி மாணவருக்கு மட்டும் அசைன்மென்ட் கொடுக்கக் கூடுதல் நாள் தந்தால், மற்ற மாணவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?
– ஒரு விரிவுரையாளர், குத்தாலம்

பதில்: காவிரிக் கரையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர நாளாகும். ‘தலைமடைக்காரன் விதைத்த அன்றே நீ ஏன் விதைக்கவில்லை?’ என்று எவரும் அங்கே மார்க்கைக் குறைப்பதில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் தரச் சொல்கிறது. 2018 வழிகாட்டுதல் அந்தக் கூடுதல் நேரத்தை மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று வைத்தது. அசைன்மென்ட் என்ற பெயர் 17-ஆம் பிரிவில் இல்லைதான். ஆனால், நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது அதே சட்டம். பெயர் இல்லை என்று தப்பிக்க முடியாது. விகாஷ் குமார் என்ற தேர்வருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். ‘40 சதவீத ஊனம் இருந்தால்தான் எழுத ஆள்’ என்றது யு.பி.எஸ்.சி. அது செல்லாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று. பாடத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் கோணலாக போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். பார்வையற்ற மாணவரின் போன் அதைச் சரியாக வாசிக்காது. யாராவது தட்டச்சு செய்து தந்த பிறகுதான் அவருக்குப் பாடமே தொடங்குகிறது. கெடுவையும் அன்றிலிருந்து எண்ணுங்களேன்.

அது சரி, போன செமஸ்டர் அசைன்மென்ட்டுகளைத் திருத்தி முடித்துவிட்டீர்களா?