வாய்க்காலைத் தாண்டு பேராண்டி!

புதுச்சேரிக்குக் கிளம்பிட்டியா பேராண்டி? நல்லது, போய்ட்டு வா. மஞ்சச் சட்டை மட்டும் போட்டுக்காத. அங்க சுவரெல்லாம் மஞ்சள். போட்டோவுல உன்னைத் தேடிக் கண்டுபிடிக்க உங்கம்மாவுக்கு ரெண்டு நாளாவும்.

துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதின்னு வெள்ளைக்காரன் பேட்டையைச் சுத்துவ. காகிதப்பூக் கொடி தொங்குற எடமெல்லாம், தாலி கட்டுறதுக்கு முந்தியே ஒரு ஜோடி படத்துக்கு நிக்கும். நீயும் வரிசையில நில்லு. அது யார் வீட்டுக் கதவுன்னு மட்டும் கேட்டுடாத. உள்ள ஆளு குடியிருக்குதுன்னு தெரிஞ்சா, அந்தப் படியில காலை நீட்டி உக்காரக் கூச்சமாப் போயிடும் பாரு.

யாராச்சும் ஒருத்தன் வந்து, எல்லாம் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்துக் கட்டடம்னு சொல்லுவான். தலையாட்டிக்கோ. 1761-ல இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடிச்சு கோட்டையையும் மாளிகையையும் தரைமட்டமாக்கினானே, அப்ப இந்தச் சுவரெல்லாம் எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு மெதுவா ஒரு வார்த்தை கேளு. ஊரு 1765-ல திரும்பப் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்தப்புறம் எழுப்பினதுதான் அந்தப் பேட்டை. தெருவுங்க நூல் பிடிச்சாப்ல நேரா ஓடுதே, அந்தப் பேரும் பிரெஞ்சுக்காரனுக்குப் போவாது. 1693-லேர்ந்து ஆறு வருஷம் ஊரை வெச்சிருந்த டச்சுக்காரன் போட்ட கணக்கு அது. கடற்கரையில மேரிங்கிற நகராட்சிக் கட்டடத்தைப் பாத்து, "அந்தக் காலத்து வேலைன்னா வேலை"ன்னு உருகாத. அந்தக் காலத்துது 2014 மழையில விழுந்துடுச்சு. இது அதே சாயல்ல புதுசாக் கட்டினது.

அப்புறம் பெரிய வாய்க்கால் வரும். மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவ, எனக்குத் தெரியும். வாய்க்காலுக்குக் கெழக்க வெள்ளைக்காரன், மேற்க நம்மாளுன்னு பிரிச்சு வெச்சாங்க. பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர்லயே ஆட்சியைக் கொடுத்துட்டுப் போயிட்டான். வாய்க்காலைத் தாண்ட உனக்குத்தான் இன்னும் உத்தரவு வரல போல!

தாண்டிப் பாரு ராசா. கெழக்கத்தி வீடு, மாமனார் வீட்டுல முறுக்கிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி. உசந்த மதிலு, பெரிய கதவு, மூஞ்சியைக் காட்டாது. மேற்க வைசியாள் வீதிக்குப் போ. மரத்தூணு நிறுத்தி, தெருவோரமாத் தாழ்வாரம் எறக்கியிருப்பாங்க. அது வழிப்போக்கனுக்கு. அதைத் தாண்டித் திண்ணை. அது வந்தவனுக்கு. வீட்டுக்காரன் குடும்பம் நடத்துறது அதுக்கும் உள்ள, முத்தத்தைச் சுத்தி.

ரங்கப்பிள்ளை வீதியில, பிரெஞ்சுக்காரனுக்குத் துபாஷா, அதாவது மொழிபெயர்க்கிறவரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்குது. கீழ முத்தமும் மரத்தூணுமா நம்ம வீடு. மாடியில பிரெஞ்சுத் தூணு. துரைக்கு ஒரு தளம், தாத்தனுக்கு ஒரு தளம், ரெண்டு பேருக்கும் மனத்தாங்கல் இல்ல. அந்த மனுசன் 1736-ல தொடங்கி, 1761-ல சாவுற வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு. அதை இன்னிக்கும் ஆராய்ச்சிக்காரங்க படிக்கிறாங்க. நீ போடுற ஸ்டேட்டஸு மறுநாளு பொழுது சாயறதுக்குள்ள காணாமப் போயிடும். இருந்தாலும் போடு, பாவம், ஆசைப்படுற.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. நம்மூர்ல பாட்டன் கட்டின திண்ணையை இடிச்சு, உன் பைக்கு நிறுத்தக் கம்பிக் கதவு போட்டது நீதான். இப்ப அங்க போயி, திண்ணை வெச்ச வீடாப் பாத்து ஒரு ராத்திரிக்கு வாடகை கொடுத்துத் தங்கப் போறதும் நீதான். படிச்ச புள்ள, கணக்கு சரியாத்தான் இருக்கும்!

போறது போற, ஒரு மணி நேரமாச்சும் மேற்க நட. திண்ணையைக் கண்டா, வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காரு. செல்போனைப் பையில போட்டுட்டு நாலு வார்த்தை பேசு. சுவரு எங்கயும் போயிடாது. பேசுற ஆளுங்கதான் கொறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.