ஒரு தட்டு

மாமா தட்டுவார்.

டார்ச் லைட் எரியாவிட்டால் உள்ளங்கையில் தட்டுவார். ஃபேன் ரெகுலேட்டரைத் தட்டுவார், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைத் தட்டுவார், கேஸ் சிலிண்டரைத் தட்டி இன்னும் எத்தனை நாள் வரும் என்று நாள் குறிப்பார். ஒருமுறை அருப்புக்கோட்டையில் ஏடிஎம் மெஷின் கார்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றபோது அதன் தலையிலும் ஒன்று போட்டார். உள்ளேயிருந்து பணம் வரவில்லை, வெளியேயிருந்து வாட்ச்மேன் வந்தார்.

நான் சொல்வது என் தாய்மாமாவை அல்ல. எல்லார் வீட்டிலும் இருக்கிற மாமாவைப் பொதுவாகச் சொல்கிறேன். என் தாய்மாமா இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்.

தட்டுவது என்றால் கை போன போக்கில் அடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். தர்பூசணி வாங்குகிறவர் முகம் அப்போது அவருக்கு இருக்கும். பிறகு உள்ளங்கையை விரித்து, தொட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் பக்கவாட்டில் ஓர் அறை, சந்தையில் மாட்டின் தொடையில் விழுமே அந்த அறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவார். கேட்டால், ‘அதுக்கும் யோசிக்க நேரம் குடுக்கணும்ல மாப்ளே’ என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்துப் பெட்டி டிவிக்கு இந்த வைத்தியம் கேட்டது. ஓட ஓட உள்ளே சூடேறும், அணைத்தால் ஆறும். இப்படிச் சூடேறி ஆறிச் சூடேறி ஆறி, போர்டில் பற்றவைத்த ஈயம் மயிரிழை மாதிரி விண்டுபோகும். மெக்கானிக்குகள் டிரை சோல்டர் என்பார்கள். படம் திடீரென்று நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிப் படுத்துக்கொள்ளும். சரியான இடத்தில் ஒரு தட்டு விழுந்தால் விண்ட இடம் ஒட்டிக்கொண்டு படம் எழுந்து நிற்கும். காரணம் மாமாவுக்குத் தெரியாது, பலன் தெரியும். நம்மில் பல பேருக்குச் சாமி விஷயமும் அப்படித்தானே.

2006 செப்டம்பரில் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடி வீட்டுக்கு மேல் போன 14 இன்ச் பெட்டி எங்கள் தெருவுக்கும் வந்தது, கூடவே மாமாவின் பொற்காலமும் வந்தது. எந்த வீட்டுப் பெட்டியை எந்த மூலையில் தட்டினால் படம் வரும் என்று அவருக்கு மனப்பாடம். ‘அண்ணே, சாப்பிட்டுட்டு நம்ம வீட்டுப் பக்கம் வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க’ என்று ஆள் அனுப்புவார்கள். போய் வலது பின்மூலையில் ஒன்று வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வருவார். காசு வாங்கமாட்டார்.

அப்புறம் டிவி மெலிந்தது.

நான் வாங்கியது 32 இன்ச் எல்இடி. சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். மாமா வந்து முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், கன்னத்தைச் சுவரோடு ஒட்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார். ‘இதை எங்கிட்டு மாப்ளே தட்டுறது?’ என்றார். வாங்கின அன்றைக்கே கேட்டார்.

எங்கள் ஊர் திருச்சுழி. திருமேனிநாதர் கோயிலை ஒட்டி, 1879 டிசம்பர் கடைசியில் ரமண மகரிஷி பிறந்த வீடு இருக்கிறது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து, கண்ணை மூடி உட்கார்ந்து, எழுந்து போகிறார்கள். ‘சும்மா இரு’ என்று உலகத்துக்கே சொன்னவர் பிறந்த ஊரில்தான் சும்மா இருக்கத் தெரியாத இந்த வலது கையும் பிறந்தது.

வாரண்டி முடிய இருபது நாள் இருக்கும்போது திரை கண்ணடிக்க ஆரம்பித்தது. லோ வோல்டேஜ் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்துவிட்டது, இருந்தாலும் எங்கள் தெருவில் சாயந்திரம் ஏழு மணிக்கு டியூப்லைட் கண்ணடிப்பது நிற்கவில்லை. ஆனால் ஸ்டெபிலைசர் போட்டும் டிவி கண்ணடித்தது. கம்பெனிக்குப் பேசலாம் என்று போனை எடுத்தேன். மாமா போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

‘கம்பெனிக்காரன் வந்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவான். அப்புறம் நீ அவன் பின்னாடி அலையணும். ஒரு தட்டுல போற விசயம்.’

டிவிக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து ஒரு தட்டுத் தட்டினார். படம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை. அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் மானம் போனதோடு விஷயம் முடிந்திருக்கும்.

முதல் வாரம் நாளைக்கு ஒரு தட்டு. இரண்டாவது வாரம் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, ஆகாரத்துக்குப் பின். மூன்றாவது வாரம் விளம்பரத்துக்கு விளம்பரம். அவர் வெளியூர் கல்யாணத்துக்குப் போன அன்று, தட்டுகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். நான்காவது வாரம் ஒருநாள் ராத்திரி பேச்சு மட்டும் கேட்டது, திரை கறுப்பு. தட்டினார், அறைந்தார், கறுப்பாகவே இருந்தது. வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இந்த இடத்தை நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரே ஒரு போன். அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கம்பெனிச் செலவில் முடிந்திருக்கும். எனக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் போனது. அவரிடமே சொன்னேன். ‘வாரண்டிக்குள்ள கெட்டாலும் அவன் ஆயிரம் நொட்டை சொல்லுவான் மாப்ளே’ என்றார். பொதுவாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இவர் என் தாய்மாமாதான். படித்துக்கொள்ளட்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பையன் வந்தான். வந்ததும் அறை விளக்கை அணைக்கச் சொன்னான். டிவியைப் போட்டுவிட்டு, திரைமேல் சாய்வாக டார்ச் அடித்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகம் தெரியுமே, அப்படி மங்கலாக ஒரு சீரியல் நாயகி உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

‘படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார். பின்னாடி வெளிச்சம்தான் இல்ல.’

இந்தத் திரை தானாக ஒளிராது, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் படம் தெரியும். அதற்காக முதுகுப் பக்கம் பட்டை பட்டையாக, ஒவ்வொன்றும் மூன்று வோல்ட் சின்ன எல்இடி பல்புகள். திருவிழாவுக்குக் கோபுரத்தில் தொங்கவிடுகிற சீரியல் செட் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. அத்தை மூன்று நாளாகச் சீரியல் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணமும் சீரியல்தான்.

இவ்வளவையும் விளக்கிவிட்டு அந்தப் பையன் ஒரு காரியம் செய்தான். டிவியைக் கழற்றிக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். ஓரத்து இடுக்கு வழியே வெளிச்சம் ஒரு கணம் பளிச்சென்று வந்து போனது. ‘பல்பு கால் விட்டுப்போயிருக்கு’ என்றான்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘தம்பிக்குச் சொந்த ஊரே அருப்புக்கோட்டைதானா?’ என்று கேட்டார்.

கோரைப்பாயில் போர்வையை விரித்து, அதன்மேல் வேலை நடந்தது. திருகாணிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டான். திரையைத் தூக்க மட்டும் என்னைக் கூப்பிட்டான். ஒரு மில்லிமீட்டர்கூட கனமில்லாத இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் திரவப் படிகம். பொரிக்காத அப்பளத்தைத் தூக்குவதுபோல இருவரும் ஆளுக்கொரு பக்கம் மூச்சை அடக்கித் தூக்கினோம். அதன் கீழே பாலாடை மாதிரி வெள்ளைத் தாள்கள். அவற்றையும் எடுத்தால் பட்டைகள், அவற்றின்மேல் குமிழ் குமிழாக லென்ஸ். ஒரு குமிழைப் பெயர்த்துக் காட்டினான். மஞ்சள் பொட்டு மாதிரி ஒரு பல்பு, அதன் நடுவே கடுகைக் கிள்ளி வைத்ததுபோல ஒரு கருகல். அவ்வளவுதான் வியாதி. ‘ஒண்ணை மட்டும் மாத்துனா அடுத்த மாசம் அடுத்தது போகும்’ என்று எல்லாப் பட்டைகளையும் மாற்றினான். போர்டில் கரண்டையும் கொஞ்சம் குறைத்து வைத்தான். ‘வெளிச்சம் ஒரு துளி கம்மியாத் தெரியும், ஆயுசு கூடும்’ என்றான்.

அந்த ஒன்றரை மணி நேரமும் அத்தை மாமாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நேரம் பிடித்ததில்லையாம்.

ஆயுத பூசைக்கு அடுத்த நாள் திரையில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது, மேலிருந்து கீழாக, நூல் பிடித்த மாதிரி. பையனுக்குப் போன் போட்டேன். ‘ஈரத்துணி வச்சுத் துடைச்சீங்களா?’ என்றுதான் முதலில் கேட்டான். துடைத்திருந்தோம், நாலு மூலையிலும் சந்தனம் குங்குமமும் வைத்திருந்தோம். தண்ணீர் இறங்கிக் கீழ் விளிம்புக்குப் போகும். அங்கேதான் திரைக்குச் செய்தி கொண்டுபோகிற மெல்லிய பிலிம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. அதில் ஈரம் பட்டாலும் கோடு விழும், அடி பட்டாலும் விழும். அத்தையின் துணிதான் காரணம் என்றார் மாமா. மாமாவின் கைதான் காரணம் என்றாள் அத்தை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த அளவு திரையில் குறுக்கே 1,366 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று, ஆக நெட்டுக்கு 4,098 வரிசை என்று பையன் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. ‘நாலாயிரத்துத் தொண்ணூத்தெட்டுல ஒண்ணுதானே மாப்ளே போச்சு’ என்று மாமா பிடித்துக்கொண்டார். அந்தப் பிலிமைத் திரும்ப ஒட்டுகிற பாண்டிங் மெஷின் பெரிய ஊரில்தான் இருக்கும், ஒட்டினாலும் கேரண்டி கிடையாது. பேனலையே மாற்றலாம் என்றால் ஒன்பதாயிரம், புது டிவியே பன்னிரண்டாயிரம். பேனல் கடல் தாண்டி வருகிறது, இங்கே சேர்த்துப் பூட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனி இணையதளமே திறந்தது. உரிமை வந்துவிட்டது, பேனல்தான் கட்டுபடியாகிற விலைக்கு வரவில்லை. இந்த விலையைக் கேட்டால் யாருக்கும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமே என்றுதான் தோன்றும்.

மாமாமேல் கோபமாக இருக்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து தொலைக்கிறது. இலங்கையில் 1982ல் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கத்து வெட்டவெளியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினால் சிங்களம் வரும். பிறகு கொடைக்கானல் டவர் வந்து, வடமேற்கே திருப்பினால் தூர்தர்ஷன் வந்தது. திருப்புகிற உத்தியோகம் மாமாவுக்கு. மொட்டைமாடியிலிருந்து ‘வந்துருச்சா?’ என்பார், கீழேயிருந்து ‘வந்துருச்சு, வந்துருச்சு, போயிருச்சு’ என்று கத்துவோம். அன்று சாயந்திரம் தமிழ்ப் படம். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பைப்பை அவர் பிடித்திருந்தால் படம் தெளிவாக நின்றது, கையை எடுத்தால் புள்ளி புள்ளியாகப் போனது. இரண்டரை மணி நேரம் அதைப் பிடித்தபடி மேலேயே நின்றார். தெருவே உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தது. அவருக்கு அத்தைதான் மறுநாள் கதை சொன்னாள்.

இப்போது வீட்டில் ஓர் ஒப்பந்தம். டிவியை அவர் தொடக் கூடாது. பச்சைக் கோட்டோடு அது ஓடிக்கொண்டிருக்கிறது. நெட் இழுக்காதபோது மட்டும் படம் நின்று, நடுவில் சுழி சுற்றும். பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. டிவிச் சுழியை இறக்க மாமா எழுந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். டிவியைத் தொடவில்லை. அதற்கு அரை அடி தள்ளிச் சுவரில் உள்ளங்கையால் ஒன்று வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. ‘என்னண்ணே?’

‘ஒண்ணுமில்லப்பா. உங்க டிவில படம் வருதா?’

‘இல்லண்ணே, இங்கயும் சுத்திக்கிட்டுத்தான் நிக்கிது.’

‘அப்ப அங்கிட்டிருந்து ஒரு தட்டு தட்டு.’