சோபே உலாக் காட்சியியல்

மாணாக்க, முதற்கண் வரையறை கேள். உலாக் காட்சியியலாவது, பொருள் கொடுத்துக் காட்டினுள் புகுந்தோர் விலங்கைக் காணும் முறையையும் காணாது திரும்பும் முறையையும் வகுத்துரைக்கும் துறை. இத்துறைக்கு நிலைக்களனாகப் போட்சுவானா நாட்டின் வடகோடியிலுள்ள சோபே விலங்குக்காட்டைக் கொண்டோம். பிற காடுகள் இருக்க இதனைக் கொண்டது என்னை எனின், காலையில் வண்டியேறி நிலத்திலும் மாலையில் படகேறி நீரிலும் ஒரே நாளில் உலாவும் வாய்ப்பு இங்குண்டு ஆதலின் என்க. நிலத்தில் மட்டும் கண்டவன் பாதி கற்றவன். நீரில் மட்டும் கண்டவன் நனைந்தவன்.

இனி ஆற்றை அறிக. அங்கோலாவில் குவாண்டோ எனப் பிறந்து, லின்யாண்டி என வளர்ந்து, இட்டெங்கே எனச் சற்றே நடந்து, சோபே என முதிர்ந்து, கசுங்குலா அருகே சாம்பேசி ஆற்றில் சேர்ந்து பெயரொழிவது இவ்வாறு. சாம்பேசியில் வெள்ளம் மிக்க காலத்து இது பின்னோக்கியும் ஓடும். ஆதலின் ஆறு போகும் போக்கில் போகலாம் என்னும் அறிவுரை இத்துறையில் விலக்கப்பட்டது.

ஆற்றின் நடுவே செடுடு என்றொரு தீவுண்டு. நமீபியர் அதனைக் கசிகிலி என்பர். ஆண்டுதோறும் சில திங்கள் நீருள் மூழ்கியும், எஞ்சிய திங்களில் புல் மிகுந்தும் கிடக்கும் அத்தீவு எவருடையது என்று இரு நாடுகளும் வழக்காடின. முதன்மை ஓடையின் நடுவே எல்லை என்பது 1890ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் செருமானியரும் செய்துகொண்ட உடன்படிக்கை. முதன்மை ஓடை எது என்பதை அவ்வுடன்படிக்கை சொல்லவில்லை. ஆழம், அகலம், நீரோட்டம் எனக் கூறுகூறாக ஆய்ந்த அனைத்துலக நயன்மன்றம், வடபால் ஓடையே முதன்மையானது எனத் துணிந்து, 1999ஆம் ஆண்டு தீவைப் போட்சுவானாவுக்கு உரித்தாக்கியது. வகைப்படுத்தலின் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. யானைகள் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அப்புல்லை மேய்ந்தன.

நீர்க்காட்சி மூவகைப்படும்: உறுப்புக்காட்சி, திறப்புக்காட்சி, குமிழிக்காட்சி.

உறுப்புக்காட்சியாவது, ஓருறுப்பு நீர்மேல் தோன்ற எஞ்சியதை உய்த்துணர்தல். தும்பிக்கை நுனி மட்டும் தெரியின், யானை தீவுக்கு நீந்துகிறது என்று கொள்க; உடல் மூழ்கினும் கையை உயர்த்தி மூச்சு வாங்க வல்லது அது. செவியும் கண்ணும் மூக்குத்துளையும் ஏறத்தாழ ஒரு மட்டத்தில் தெரியின் நீர்யானை. செவி தோன்றாது, கண்ணுக்குச் சேய்மையில் மூக்கு தெரியின் முதலை. இவற்றை மயங்குவோன் படகின் விளிம்பில் கையைத் தொங்கவிடலாகாது. மயங்காதோனும் விடலாகாது.

திறப்புக்காட்சியில் வாய் திறத்தல் ஒன்றே, பொருள் வேறு. கரையில் முதலை வாய் திறந்து கிடப்பது உடல்வெப்பம் தணித்தற்கு. நீர்யானை பல் தெரியத் திறப்பது பெரும்பாலும் ‘அப்பால் போ’ என்றற்கு. அதனைக் கொட்டாவி எனக் கொண்டு படகை நெருக்குவது வழு. படகில் உள்ளோர் வாய் திறத்தல் மூன்றாவது. அது முதல் அரை மணிக்குப்பின் தானே மூடும்.

குமிழிக்காட்சியாவது, நீர்யானை மூழ்கியபின் எஞ்சிய குமிழிகளை நோக்கி அமர்ந்திருத்தல். வளர்ந்த நீர்யானை ஏறத்தாழ 5 மணித்துளி மூழ்கியிருக்கும். அது நீந்துவதில்லை, ஆற்றடியில் நடக்கும். ஆதலின் மூழ்கிய இடமே எழும் இடம் என்று ஒளிப்படக்கருவியைக் குறிவைத்துக் காத்திருப்போனுக்கு, அது முதுகுப்புறத்தே எழும் என்பது பலர்க்கும் ஒப்ப முடிந்த முடிபு.

பறவைகள் இவண் 450 வகைக்கு மேல். அவற்றை விரித்துரையோம். ஒருவன் மீன்கொத்தியின் அலகை நோக்கிப் படகை நிறுத்தச் சொல்ல, ஏனையோர் அவனை நோக்கும் நோக்கிற்குச் ‘சினநோக்கு’ என்று பெயர். அஃதொன்றே இத்துறைக்கு உரியது.

நிலக்காட்சிக்கு மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கம் முதலில். மே முதல் அக்டோபர் வரை உட்காட்டுக் குட்டைகள் வற்ற, விலங்கினம் ஆற்றங்கரைக்குத் திரளும். அக்காலத்துச் சூன், சூலைத் திங்களின் விடியல் கடுங்குளிர். பக்கம் திறந்த வண்டியில் போர்வைக்குள் ஒடுங்கியோன் அரிமாவுக்கு முன் தன் விரல் நுனியைத் தேடுவான். கரைவழி மணற்பாதையின் குலுக்கலை ‘ஆப்பிரிக்க உடற்பிடி’ என்று வழிகாட்டிகள் நகைப்பது வழக்கு. அதற்கு முதல் நாள் சிரித்தல் கடன்; மறுநாள் சிரித்தல் கொடை. அரிமா அருகிருக்க வண்டியில் எழுந்து நிற்றலாகாது. வண்டியையும் அதிலுள்ளோரையும் ஒரே உருவாகக் காணும் அவ்விலங்கு, எழுந்தவனைத் தனியே பிரித்தறியும் என்பர் வழிகாட்டிகள். அதுவும் ஒரு வகைப்படுத்தலே, அதற்கு எடுத்துக்காட்டாகற்க.

யானை குறித்த உளநிலை மூன்று: யானைவேட்கை, யானைநிறைவு, யானைத்தெவிட்டு. போட்சுவானாவில் யானைகள் 1,30,000க்கு மேல் உள; உலகில் வேறெந்நாட்டிலும் இத்துணை இல்லை. அவற்றுள் மிகுதியானவை வடபுலத்தில் உலாவுகின்றன. ஆதலின் வேட்கை கடிதில் தீரும். காலை ஏழு மணிக்கு ஒற்றை யானையின் ஒரு காதை நூறு படமெடுத்தவன், பத்து மணிக்குப் பாதையை மறித்த நாற்பது யானையை நோக்கி, ‘இவை எப்பொழுது விலகும்?’ என்று வினவின் தெவிட்டு முற்றியது என்க.

இனி இந்நூலின் உயிர்நாடியாகிய இன்மைக்காட்சி. இதுகாறும் கற்றோர் கண்டவற்றையே வகுத்தனர், காணாதவற்றைக் கைவிட்டனர். உலாப்பொழுதின் பெரும்பகுதி காணாமையே ஆதலின், அது பெருங்குறை. இன்மை நால்வகைத்து.

ஒன்று, நெருநல் இன்மை. ‘நேற்று இதே மரத்தில்தான் சிறுத்தை கிடந்தது’ என்று வழிகாட்டி கூற, அனைவரும் வெறுங்கிளையை வணங்குவார்போல் அண்ணாந்து நோக்குதல். கிளையையும் படமெடுப்பர் சிலர். அப்படத்தை ஊரில் காட்டுங்கால் ‘இங்கேதான்’ என்று சுட்டும் விரலும் இவ்வகையுள் அடங்கும்.

இரண்டு, அயலின்மை. எதிர்வந்த வண்டியினர் கண்டதை நாம் காணாமை. இது கூறும் அயலின்மை, கூறா அயலின்மை என இருபாற்படும். ‘அரிமா, குட்டி நான்கு, இப்பொழுதுதான் புதருள் புகுந்தன’ என்று விரித்துரைப்பது முன்னது. ஒன்றும் உரையாது புன்னகைத்துக் கடந்துபோவது பின்னது. இரண்டனுள் பின்னது கொடிது.

மூன்று, கருவியின்மை. காட்சி நிகழ்ந்தது, உலாவினன் அப்பொழுது மின்கலம் மாற்றினான். இவனைக் கண்டோன் எனலாமோ எனின், அருகிருந்தோன் அலறலைக் கேட்டோன் எனலாம்.

நான்கு, போலியின்மை. அல்லாததை விலங்கெனக் கொண்டு உவந்து, பின் உண்மை அறிந்து ஒடுங்குதல். கற்போலி, கட்டைப்போலி, புற்றுப்போலி என்பன இதன் விரி. கறையான் புற்றை அரிமா எனக் கண்டு வண்டியை நிறுத்தச் செய்தவன், அன்று முழுதும் மெய்யாகவே அரிமாவைக் கண்டாலும் வாய் திறவான். இதனால் பிறர் எய்தும் இழப்பு, அயலின்மையுள் கூறா அயலின்மையின்பாற் படும்.

ஓர் ஐயம். அரிமா நாளொன்றுக்கு 20 மணிப்பொழுது வரை கிடக்கும், உறங்கும். உறங்கும் அரிமாவைக் காண்டல் காட்சியோ இன்மையோ? புலப்படுதலின் காட்சியே என்பர் ஒரு சாரார். புல்லிடை மஞ்சள்நிறம் மட்டும் புலப்படுதலின் இன்மையே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. தலை உயர்த்தின் முழுக்காட்சி. செவி அசைப்பின் அரைக்காட்சி. வாலின் நுனி மட்டும் அசையின் கால்காட்சி. எதுவும் அசையாவிடின் அது ‘கிடைக்காட்சி’ எனத் தனித்து எண்ணப்படும்.

புறனடையாக மறுகாட்சி ஒன்றுண்டு. கண்ட இடத்திற்கே மறுநாளும் சென்று அதே காட்சியைத் தேடுதல் அது. திரைநடிகர் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும் மணந்து பிரிந்து, 1975ஆம் ஆண்டு இந்தச் சோபே ஆற்றங்கரையில் மீண்டும் மணந்து, அடுத்த ஆண்டே மீண்டும் பிரிந்தனர். மறுகாட்சி நெடிது நில்லாது என்பதற்கு இது மேற்கோள்.

மாணாக்க, வகையும் விரியும் ஓதினோம். ஐயம் எஞ்சின் படகு கரையணையும் முன்னரே கேள். பொழுது சாய்ந்தபின் உலா வண்டியும் படகும் காட்டினுள் இருத்தல் ஆகாது, வாயிலை அடைத்துவிடுவர்.