அது அடுத்த ஸ்டேஷன்

விஜயதசமியன்று காலை மறுபூஜை முடித்து, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சி.பி.யு.வின் பட்டனை அழுத்தினேன். விரலில் முந்தைய நாள் சந்தனம் ஒட்டியது. ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும், கைமாற்று கேட்க வந்தவனைக் கண்ட சொந்தக்காரன் மாதிரி, முகத்தைக் கறுப்பாக வைத்துக்கொண்டது.

சி.பி.யு. என்று நான் சொல்வது மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியை. உள்ளே தீப்பெட்டி அகலத்தில் இருக்கிறதே, அந்தச் சில்லுக்குத்தான் அந்தப் பெயர் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும். தமிழ்நாட்டில் சி.பி.யு. என்றால் பெட்டி. பொட்டு வைப்பது பெட்டிக்குத்தானே, சில்லுக்கா?

சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் என் கடை. ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். கம்ப்யூட்டர் 2009-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்தது. புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தமிழ் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டைவிரல் அளவில் ஒரு டாங்கிள். பின்னால் அது செருகியிருந்தால்தான் எழுத்து வரும். அந்த டாங்கிளுக்கு இந்தப் பெட்டியைத் தவிர வேறு எதையும் பிடிக்காது. சில மருமகள்களுக்கு மாமியார் வீட்டிலேயே ஒரு அறை மட்டும் பிடிக்காமல் போகுமே, அதற்கு நேர் எதிர்.

இது நடந்தது 2024 அக்டோபர் 12-ஆம் தேதி. ஊரில் அப்போது வேலைநிறுத்தக் காலம். இங்கே சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9-ஆம் தேதி உட்கார்ந்த தொழிலாளர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அமைச்சர்களே பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். என் பெட்டிக்குச் சங்கமும் கிடையாது, கோரிக்கை மனுவும் கிடையாது. யாரோடு பேசுவது?

முந்தைய நாள் ஆயுத பூஜை. வருஷம் முழுக்க அந்தப் பெட்டிப் பக்கம் துடைப்பம்கூடப் போனதில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு பக்தி பொத்துக்கொண்டு வந்தது. எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். பக்கத்துக் கதவைக் கழற்றி, டூ வீலர் மெக்கானிக்கிடம் கடன் வாங்கிய புளோயரால் ஊதினேன். புகைமூட்டம் போல ஒரு தூசி எழுந்து தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போயிற்று. பிறகு ஈரத்துணி. "ஈரத்துணி வேணாங்க" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது, விழுந்ததோடு சரி. சந்தனம், குங்குமம், மாலை, பொரி, சுண்டல். எலுமிச்சம்பழத்தை நசுக்க பெட்டிக்குச் சக்கரம் இல்லாத குறை ஒன்றுதான்.

சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்றார். பண்ணினேன். "மானிட்டர் வயரை அழுத்திப் பாத்தீங்களா?" பார்த்தேன். ஒரு பெருமூச்சு. "அப்ப போர்டு போயிருக்கும் சார்." இந்த உலகத்தில் போர்டு போகாத வியாதியே அவருக்குத் தெரியாது. ஜுரத்தோடு போய் நின்றாலும் போர்டு போயிடுச்சு என்பார். திங்கட்கிழமை வருகிறேன் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2007-லேயே டெல் கம்ப்யூட்டர் ஆலை வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் நோக்கியா. எங்கள் சத்திரத்திலேயே ஃபாக்ஸ்கானில் ஐபோன் பண்ணுகிறார்கள். அந்தப் பக்கம் ஒரகடத்தில் கார், கார் உதிரிபாகம். உலகத்துக்கே எலக்ட்ரானிக்ஸ் சப்ளை செய்கிற ஊரில், என் பெட்டி ஒன்றை எழுப்ப ஆள் இல்லை. மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு முறுக்குக்கு ஏங்குகிற கதை.

ஆள் இல்லையா? என் கடை மாடியிலும் பின்சந்திலும் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் எல்லோருமே கம்பெனி ஆட்கள்தான். மதியம் ஷிப்ட் மாறும் நேரம், பயோடேட்டா பிரிண்ட் எடுக்க மாடி ரூம் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி, திருவண்ணாமலைப் பக்கம், உடனே துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் கேட்டாள். பக்கத்துக் கதவின் ஸ்க்ரூக்களைக் கழற்றிய வேகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் அவை மேஜைமேல் ஒரே வரிசையில், ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. தினம் எத்தனை ஸ்க்ரூ போடுவாய் என்றேன். "எண்றதில்லண்ணா. எண்ண ஆரம்பிச்சா தூக்கம் வந்துரும்."

"சரி, உள்ளே என்னன்னு பாரும்மா."

கையை எடுத்துவிட்டாள். "அது அடுத்த ஸ்டேஷன்ணா. நான் ஸ்க்ரூ மட்டுந்தான்."

அடுத்த ஸ்டேஷன் அவளுடைய தோழி. டெஸ்டிங் லைனில் இருப்பவள். பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். தலையைச் சாய்த்து, பாட்டு வாத்தியார் சுருதி கேட்பது போல நின்றாள். வாசலில் கம்பெனி பஸ் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது: பீப், பீப், பீப். பஸ் போகட்டும் என்று கையைக் காட்டினாள். போயிற்று. பீப் சத்தம் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து பெட்டி கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கிற பஸ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாக ஒரு பீப், மூச்சு விடுகிற அளவு இடைவெளி, மறுபடி நீளமாக ஒரு பீப். திரை எரிவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது சரியில்லை என்றால் திரையில் எழுத வழியில்லாததால் சத்தம் போடும். கம்பெனிக்குக் கம்பெனி சத்தக் கணக்கு மாறும். என் போர்டின் கணக்கில் இந்த நீட்டல், ராம் என்கிற நினைவகம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். குழந்தை பசிக்கு அழுகிறது, அப்பன் பக்கத்து வீட்டு ரேடியோ என்று தூங்குகிறான்.

ராமைக் கழற்றக் கை நீட்டினேன். "அண்ணா! தொடாதீங்க!" என்று டெஸ்டிங் பெண்ணிடமிருந்து ஒரு அதட்டல். கம்பெனியில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதை எர்த்தில் மாட்டிவிட்டுத்தான் போர்டைத் தொடுவார்களாம். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் நமக்குத் தெரியாமலேயே சில்லைச் சுட்டுவிடும். என் மணிக்கட்டில் இருந்தது திருப்பதிக் கயிறு. அது எர்த் ஆகாது என்றாள். கடைசியில் பெட்டியின் இரும்புச் சட்டத்தை நன்றாகத் தொட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துக்கொன்றாக இருந்த இரண்டு வெள்ளைக் கிளிப்பையும் தள்ளினாள். ராம் துள்ளி எழுந்தது. அதன் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள். தங்கப் பற்கள் என்றுதான் பெயர். பாக்கு போட்ட வாய் மாதிரி இருந்தன. நான் ஊதிய தூசி, நான் துடைத்த ஈரம், இரண்டும் கலந்து அங்கே குடியேறியிருந்தன. ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொரியும் இருந்தது. நைவேத்தியம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போயிருக்கிறது.

கடையில் விற்கிற மூன்று ரூபாய் ரப்பர் ஒன்றை எடுத்துப் பற்களின் மேல் மெதுவாகத் தேய்த்தாள். கணக்குப் பரீட்சையில் தப்பான விடையை அழிக்கிற பொறுமை. பக்கத்துக்கு இருபது முறை. கறுப்புத் துகள் உருண்டு உருண்டு விழுந்தது. பிறகு விளக்கில் சாய்த்துக் காட்டினாள்: பொன்னாக மின்னியது. ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலால் அழுத்த, டக், டக் என்று கிளிப் இரண்டும் தானே எழுந்து பிடித்துக்கொண்டன.

இதற்குள் பின்சந்து தம்பிகள் கூடிவிட்டார்கள். ஒருவன் பேக்கிங் பிரிவு. எதையும் தொடவில்லை, தெர்மாகோல் இருக்கா என்று மட்டும் கேட்டான். இன்னொருவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி, குவாலிட்டி. என் வயர்க் குவியலைப் பார்த்ததும், செத்த வீட்டில் நிற்கிற முகம் ஆகிவிட்டது.

பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு குட்டி பீப். திரை வெளுத்தது. தெருவே கை தட்டியது. பேக்கிங் தம்பி உட்பட.

குவாலிட்டி தம்பி மட்டும் தட்டவில்லை. "ரூட் காஸ் தெரியாம லைனை ஓட்டக் கூடாதுண்ணே" என்றான். டொயோட்டாவில் பிறந்த பழக்கம், இந்தப் பக்கத்துக் கார் கம்பெனிகளில் பாலபாடம்: ஐந்து முறை ஏன் என்று கேட்பது. ஏன் டிஸ்ப்ளே வரல? ராம் ஒட்டல. ஏன் ஒட்டல? தூசியும் ஈரமும். ஏன் வந்துச்சு? நான் ஊதித் துடைத்தேன். ஏன் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் துடைக்கிறீங்க? பதில் இல்லை. ஐந்தாவதை அவன் கேட்பதற்குள் காபியோடு வந்த என் மனைவி கேட்டுவிட்டாள்: "ஈரத்துணி வேணாம்னு நான் சொன்னப்ப ஏன் கேக்கல?"

"கிடைச்சிருச்சு" என்று தம்பி பேனாவை மூடினான்.

ஆனால் பெட்டி முழுசாக எழுந்திருக்கவில்லை. செட்டிங் எல்லாம் மறந்துவிட்டது, தொடர எஃப்1-ஐ அழுத்து என்று திரையில் ஒரு வரி. அதற்கு மேலே தேதி: 2009 ஜனவரி 1. போர்டில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னதாக, வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண். பிளக் இல்லாத நேரத்தில் மணி, தேதி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது அதன் வேலை. அது எப்போதோ செத்திருக்கிறது. யூ.பி.எஸ்.ஸை நான் அணைப்பதே இல்லை என்பதால் செத்தது வெளியே தெரியவில்லை. பூஜைக்காக பிளக்கைப் பிடுங்கிய ராத்திரிதான் பெட்டிக்குப் பதினைந்து வருஷம் மறந்துபோயிருக்கிறது.

எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. அதன் கணக்கில் நோக்கியா இன்னும் மூடவில்லை. 2014 வர இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. ஷிப்ட் பஸ்கள் அந்த கேட்டில் வரிசைகட்டி நிற்கின்றன, நான் அந்தப் பையன்களுக்கு ஐ.டி. கார்டு லேமினேஷன் போட்டுக்கொண்டிருக்கிறேன், தலையில் முடி இருக்கிறது. ஸ்க்ரூ போடுகிற பெண் திரையை எட்டிப் பார்த்து, "அப்ப நான் ரெண்டாங்கிளாஸ்" என்றாள்.

புது பேட்டரி வாங்கலாம் என்றால், வாட்ச் கடை அன்றைக்கு லீவு. எஃப்1 அடித்தே ஓட்டிக்கொள்ளலாம் என்று முதல் வேலையை எடுத்தேன். பேக்கிங் தம்பிக்கு ரூம் வாடகை ஒப்பந்தம், 11 மாதம். என் ஃபார்மில் தேதி தானாக விழும். பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவன் ரொம்ப நேரம் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, தேதி அப்படியே இருக்கட்டும். வாடகையையும் அந்த வருஷத்து ரேட்டுக்கு மாத்திக் குடுத்துருங்க" என்றான்.