தொட்டி மாறிய ஆலும் இரு ஊர் வைத்தியமும்: ஒரு முன்னாய்வு

ஆய்வுப் பொருள்: முழ உயரப் போன்சாய் ஆலமரம் ஒன்று. களம்: ராஜபாளையத்தில் என் வீட்டு மொட்டைமாடி. சிக்கல்: தட்டு மாற்றிய ஒன்பதாம் நாள் பதினேழு இலைகள் உதிர்ந்தன. எண்ணியவர் ஆய்வாளரே, அன்று அவருக்கு வேறு வேலை இல்லை.

இத்துறையில் மரபுகள் இரண்டு. ராஜபாளைய மரபின் மூலவர், தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சான். "மஞ்சளடிச்சா யூரியாவப் போடு மாப்ளே" என்பது அவருடைய ஒற்றைச் சூத்திரம். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன்; என் மரம் நிற்கும் தட்டில் இருப்பதோ இரண்டு படி மண். விகிதாச்சாரம் பற்றி அம்மரபு பேசுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு அத்தையுடையது: கடலைப் புண்ணாக்கு, ஆட்டாம்புழுக்கை, புளித்த மோர். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், வாடிய எதையும் வெறும் வயிற்றோடு விடாது. போதாததற்கு, பெரியாழ்வார் நந்தவனம் போட்டுத் துளசியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த ஊர்க்காரி அத்தை. தோட்ட விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேச எனக்கேது துணிவு?

இரண்டையும் போட்டேன். மறுநாள் மேலும் ஆறு இலைகள்.

இனி மறுப்புரை. தட்டு மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கியிருந்தேன். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் நுனியை ஒட்டித்தான் இருக்கின்றன. நறுக்கியதில் முதலில் போனவை அவைதான். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருந்தும், அறுவை முடிந்த அன்று மாலையே நோயாளிக்கு விருந்து வைக்கக்கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் விட்டுக்கொள்கிறதல்லவா? உரம் மிஞ்சிய மண்ணில் வேருக்கும் அதே கதிதான். உள்ளே போக வேண்டிய தண்ணீர் வெளியே வருகிறது. நான் மரத்துக்குச் சோறு போடவில்லை, ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

அடுத்து மண். முதலில் இட்டது நல்ல கரிசல். பருத்திக்கு அது தாய்வீடு. இந்தப் பக்கத்து மில்களுக்கே அதுதான் ஆதி. ஆனால் நாலு விரற்கடை ஆழத் தட்டில் கரிசல் வேறு ஆள். நனைந்தால் ஊதிக் காற்று வழியை அடைக்கும், காய்ந்தால் வெடித்து இளவேரை அறுக்கும். வேருக்கு மூச்சு வேண்டும். ஆகவே பத்தாம் நாள் வேரை மறுபடி குலைக்காமல், ஓரத்துக் கரிசலை மட்டும் மூங்கில் குச்சியால் கிளறி எடுத்து, மச்சானின் யூரியாவும் அத்தையின் மோரும் போகும்வரை தண்ணீர் ஊற்றி வடித்தேன். ஓரத்தில் புதுக் கலவை: செங்கல் சல்லி, பருமணல், கொஞ்சம் தென்னைநார்த் தூள். தூளில் உப்பு உண்டு. டீ நிறத்தில் இறங்கும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். சல்லியை மிளகு அளவுக்கு உடைத்து, தூசியை வீட்டு மாவுச் சல்லடையில் சலித்தேன். சல்லடை சார்ந்த விளைவுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பிறகு பத்தியம். உச்சி வெயில் படாத இடம். மேல்மண் காய்ந்து விரலில் ஒட்டாதபோது மட்டும் தண்ணீர். ஆறு வாரம் உரத்தின் பேச்சே இல்லை. ஒப்பீட்டு மாதிரியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் பழைய வீடொன்றின் காரைச் சுவரில் முளைத்த அரசங்கன்றை எடுத்துக்கொண்டேன். மண் இல்லை, உரம் இல்லை, ஆய்வாளரும் இல்லை. நன்றாகவே இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் கிளை நுனியில் ஈட்டி முனைபோல ஒரு மொட்டு. பார்க்க வந்த மச்சான், "யூரியா இப்பத்தான் வேல செய்யுது" என்றார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மோரு ஊத்துனது யாரு?"