ஐந்து பேர், ஒரே மார்க்

கேள்வி: குரூப் புராஜெக்டில் ஐந்து பேருக்கும் ஒரே மார்க், உழைப்பது இரண்டே பேர். மாலையில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கமிஷன் உண்டு, யாரும் சும்மா நிற்பதில்லை. கல்லூரியிலும் அப்படிச் செய்தால் என்ன?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பலன் பொதுவாகி, அவரவர் உழைப்பு தனியாகத் தெரியாமல் போனால் சிலர் ஒதுங்கத்தான் செய்வார்கள் என்று பொருளாதார அறிஞர் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம் 1982-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 2016-ல் ஆலிவர் ஹார்ட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பங்கீட்டில் இருவருமே உழைத்தவர்கள்!

ஆனால் கமிஷனுக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் கடையையே பாருங்கள். புடவை எடுக்க வந்தவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள்; பில் போட்டு அவர் கிளம்பியதும், பிரித்துப் போட்ட புடவைக் குவியலை மடிக்க யார் வருகிறார்கள்? அளக்கிற வேலைக்கு மட்டும் காசு கொடுத்தால் அளக்காத வேலை அநாதையாகிவிடும். சக பொருளாதார அறிஞர் பால் மில்குரோமுடன் சேர்ந்து 1991-ல் ஹோம்ஸ்ட்ரோம் எழுதியதன் சாரமும் இதுதான். புரியாத தோழிக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் புடவை மடிக்கிற வேலைதான். அது கெட்டுவிடக் கூடாது.

அறிக்கைக்குப் பொது மார்க், வைவாவில் ஆளுக்குத் தனி மார்க். இதைப் பேராசிரியரிடம் கேளுங்கள், ஐந்து பேருமாகப் போய்!