சோத்துக்கும் ஒரு கவ்வாத்து

வா மருமவனே, வா. அடுத்த லயத்துல இருந்து இங்க வர ஒரு பீடி இழுக்குற நேரம்கூட ஆவாது. அதுக்கும் பைக்கா? இரி, இரி. விதுரையில போயி சக்கரை பாக்க ரத்தம் குடுத்துட்டு வந்தியாமே. வெறும் வயித்துல 210-ஆ? பரவால்லியே! பத்தாங்கிளாஸ்ல எல்லாப் பாடத்தையும் கூட்டுனாலும் ஒனக்கு இம்புட்டு மார்க்கு வரலியே.

நமக்கு மட்டும் ஏன் வந்துச்சுன்னு வருத்தப்படாத. ஆஷா வேலை பாக்குற பிள்ளை கணக்குச் சொன்னா. 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல, நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சக்கரையாம். நம்ம கேரளத்துல வளந்த ஆளுவள்ல நாலுக்கு ஒண்ணாம். நம்ம தோட்டத்துப் பங்களாவுல பேய் இருக்குன்னு படம் புடிக்க வாரானுவளே, அவனுவளுக்கு ராத்திரி பூரா முழிச்சாலும் ஒண்ணும் ஆப்புடல. ஒனக்குத் தட்டுல மூணு நேரமும் ஆப்புடுது.

ஒங்க அம்மை கொழுந்து எடுத்த காலத்துல, தலையில கூடையை மாட்டிக்கிட்டு பொழுதன்னைக்கும் சரிவுல ஏறி எறங்குனா. தூக்குவாளி நெறைய சோறு தின்னா, சாயங்காலம் எடை போடுததுக்குள்ள அம்புட்டும் செரிச்சுப் போவும். இப்பம் தோட்டமும் படுத்துப் போச்சு, ஒன் காலும் படுத்துப் போச்சு. வாய் மட்டும் இன்னும் பெரட்டுக்குப் போயிட்டு வருது.

என்ன சொன்ன, சீனியே தொடுறதில்லையா? கருப்பட்டியா? ஏலே, கருப்பட்டியும் சீனியும் ஒரே வீட்டுப் பிள்ளையதான், ஒண்ணு கொஞ்சம் கறுப்பு. தேனும் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நாளைக்கு ஆறு சாயா, சாயாவுக்கு ரெண்டு கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம்னு வச்சாலும் மாசத்துக்கு ஒண்ணரைக் கிலோவுக்குக் கிட்ட வருது. தேயிலைக் காட்டுல பொறந்தவன் தேயிலை ருசி அறியாம சீனித் தண்ணி குடிக்கியே, வெக்கமா இல்ல? கட்டன் போட்டுக் குடி.

பொறவு அந்த ராத்திரிச் சப்பாத்தி. சோறு வேண்டாம்னு டாக்டர் சொன்னாருன்னு ஏழு சப்பாத்தி! சோத்தை வாசல் வழியா அனுப்பிட்டு, பொறவாசல்ல வச்சு அவ தங்கச்சியைக் கூப்பிட்ட கதைதான். கேப்பைக் கூழும் அப்படித்தான். நல்லதுன்னு செம்பு செம்பா ஊத்தாத. மாவாத் திரிச்சுக் கொழைய வேவிச்சது வேகமா ரத்தத்துல ஏறும். மரச்சீனியைப் பத்தி என்னத்தச் சொல்ல? விசாகம் திருநாள் மகாராசா சனங்க பசியாற அதைப் பரப்புனாரு. அவரு சோத்துக்குப் பதிலாத் திங்கச் சொன்னாரு, நீ சோத்துக்குத் தொடுகறியாத் திங்கிய. பேர்லயே சீனி இருக்கு, கண்ணு தெரியலியா?

அதுக்காவப் பட்டினி கெடக்காத. தேயிலைச் செடியை யாராவது வேரோட புடுங்குவாவளா? கவ்வாத்துத்தான் வெட்டுவாவ. தட்டையும் அப்படி வெட்டு. பாதித் தட்டு தோரனும் கீரையும். கால் தட்டு மீனோ பயறோ. மிச்சக் கால்ல சோறு. தோரனை மொதல்ல தின்னு, சோத்தைக் கடைசியில தொடு. அதே சோறுதான், ஆனா சக்கரை மெதுவா ஏறும். இடிச்சக்கைத் தோரன்னா இன்னும் நல்லது. 2018-ல சக்கையை மாநிலப் பழமா அறிவிச்சிட்டாவன்னு முழுச் சக்கப்பழத்துக்கும் நீ ஒருத்தனே விழா எடுக்காத.

மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சக்கரை 70-க்குக் கீழ போனாலும் போவும். கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும், கண்ணு இருட்டும். இதுல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். ஒடனே மூணு கரண்டிச் சீனியைத் தண்ணியில கலக்கிக் குடி. கால் மணி கழிச்சும் தெளியலன்னா மறுபடியும் குடி. அப்பம் சீனிதான் மருந்து.

அகஸ்தியர்கூடத்து மூலிகை கேக்கியாமே, மாத்திரையை நிறுத்தலாம்னு? அந்த மலை 1,868 மீட்டர். ஏறி எறங்கு, மூலிகை இல்லாமலே கொஞ்சம் கொறையும். மாத்திரையைக் கூட்டணுமா கொறைக்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

இன்னொண்ணு. சோதனைக்கு மொத நாள் மட்டும் விரதம் இருக்கியே, துரை வார அன்னைக்குக் களை வெட்டுற புத்தி! எச்.பி.ஏ.1.சி.ன்னு ஒரு சோதனை இருக்கு. அந்தக் கங்காணி ரெண்டு மூணு மாசக் கணக்கை ஒண்ணாப் புரட்டிப் பாத்துருவான்.

செரி, ஒங்க அத்தை கஞ்சி எடுத்து வைக்கா, ரெண்டு வாய் குடி. எதுக்குச் சட்டைப் பையைத் தடவுத? பைக் சாவியா? அது நீ வந்து ஒக்காந்தப்பவே என் மடிக்கு வந்துட்டுல்லா. கஞ்சி குடிச்சிட்டு, பழைய ஃபாக்டரி வரைக்கும் நடந்துட்டு வா, தாரேன்.